நொண்டி நண்டில் கடைசி மடக்கு

"ஐயோ... ஜீஜியோவைப் பாருங்க!"

வாசலில் எழுந்த அலறலில் நீவெஸ் கையிலிருந்த மீன் வறுவல் தட்டு நழுவித் தரையில் விழுந்தது.

சனிக்கிழமை. மாலை ஆறு மணி. நவம்பர் மூடுபனி கால்வாயை முழுங்கிவிட்டுக் கரைமேல் ஏறிக்கொண்டிருந்தது.

நீவெஸ் ஓடினாள்.

கால்வாய்க் கரையின் தாழ்ந்த கல்சுவரில் சாய்ந்தபடி, ஜீஜியோ தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. வாயோரம் நுரை.

அவர் கண்கள் நீவெஸைத் தேடிப் பிடித்தன.

"நீவெஸ்... உன் ஒயின்..."

அவ்வளவுதான்!

சரிந்தார். காலி கிளாஸ் உருண்டு கால்வாயில் விழுந்து 'ப்ளக்' என்றது.

ஜீஜியோ சாதாரண ஆள் இல்லை. வெனிஸில் எங்கே குடிக்கலாம், எங்கே குடிக்கக்கூடாது என்று வருஷா வருஷம் ஒரு குட்டிப் புத்தகம் போடுகிறவர். ஒரு வரி புகழ்ந்தால் கடையில் நிற்க இடமிருக்காது. ஒரு வரி இகழ்ந்தால் கடைக்குப் பூட்டு!

சனிக்கிழமைதோறும் மூன்று பழைய நண்பர்களோடு ஐந்து கடை ஏறி இறங்குவார். கடைக்கு ஒரு கிளாஸ். நின்றபடியே குடிப்பார்கள். ஐந்தாவது கடை எப்போதும் நீவெஸின் 'நொண்டி நண்டு'தான்.

அன்றும் அப்படித்தான். வெள்ளை ஒயினில் சிவப்புக் கசப்பு மதுவும் சோடாவும் கலந்து, குச்சியில் குத்திய பச்சை ஆலிவ் ஒன்றைப் போட்டு, நான்கு ஸ்ப்ரிட்ஸ் கொண்டுபோய் வைத்தாள். நண்பர்கள் மூன்று பேரும் முப்பது வருஷப் பழக்கப்படி தங்கள் ஆலிவை ஜீஜியோவின் கிளாசுக்குள் போட்டார்கள்.

"என்னங்கடா, என் கிளாஸ் என்ன சர்ச் உண்டியலா?" என்று சிரித்தார் ஜீஜியோ. அப்புறம் நீவெஸ் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். குடிச்சிட்டு வரேன்."

வரவே இல்லை.

* * *

திங்கட்கிழமை. காலை பதினொரு மணி.

பூட்டிய கடைக்குள் இன்ஸ்பெக்டர் புசெத்தோ உட்கார்ந்திருந்தார். ஒல்லி உடம்பு, தூங்குமூஞ்சி. வெனிஸில் பிறந்தும் ஒரு சொட்டு மது தொடாத அதிசயப் பிறவி.

"ஜீஜியோ வீட்டுல அடுத்த புத்தகத்தோட கையெழுத்துப் பிரதி கிடைச்சதும்மா. உங்க கடையைப் பத்தி என்ன எழுதியிருக்கார் தெரியுமா?"

"தெரியாது சார்."

"'நொண்டி நண்டு. நண்டு அருமை. ஒயின் மோசம். போகாதீர்கள்!'"

நீவெஸ் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"அதுக்காக நான் விஷம் வெச்சேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலை. மாஜிஸ்ட்ரேட் சொல்றார். பன்னிரண்டு மணிக்கு உங்களைக் கைது பண்ணச் சொல்லி ஆர்டர்ல கையெழுத்தும் போட்டுட்டார். ஊத்திக் கொடுத்தது நீங்க. சாகறப்போ அவர் சொன்னதும் 'உன் ஒயின்'..."

"இருபத்திரண்டு வருஷமா ஊத்தறேன் சார்! என் கையால குடிச்சவன் ஒருத்தன் தும்மினது கிடையாது!"

புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்தக் கடை ஒன்றுதான்.

புசெத்தோ பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது...?"

"சனிக்கிழமை நீங்க ஊத்தின அதே பாட்டில். பாதி மிச்சம் இருக்கு. பரிசோதனை ரிப்போர்ட் மத்தியானம்தான் வரும்."

"அதுக்குள்ள என் கதை முடிஞ்சிடுமே!"

"அதான் ஒரு வேலை பண்ணப் போறோம். அந்த மூணு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். இதே பாட்டில்னு சொல்லியே ஊத்துங்க. ஜீஜியோ நினைவா கிளாஸை இடிச்சுக்கச் சொல்லுங்க. நீங்க மட்டும் உதட்டுல வைக்காதீங்க. யார் குடிக்கிறாங்க, யார் குடிக்கலைன்னு பார்த்தா போதும்."

நீவெஸுக்குப் புரிந்தது. விஷம் வைத்தவனுக்குத்தானே அது விஷம் என்று தெரியும்! அவன் குடிக்க மாட்டான்...

"யாராவது செத்துட்டா சார்?"

"அதை நான் பார்த்துக்கறேன்," என்று கொட்டாவி விட்டபடி சமையலறைக் கதவுக்குப் பின்னால் மறைந்தார் புசெத்தோ.

* * *

பதினொன்றேகால்.

முதலில் வந்தவள் ஃபுல்வியா. மருந்துக்கடைக்காரி. இரண்டு நாளாய் அழுத கண்கள்.

அடுத்து சாண்ட்ரோ. கால்வாய்ப் படகு ஓட்டுகிறவன். தொப்பியைக் கழற்றிக் கசக்கிக்கொண்டே வந்தான்.

கடைசியாக ருஜ்ஜேரோ. ஊரில் பாதிக் கடைகளுக்கு ஒயின் சப்ளை செய்யும் மொத்த வியாபாரி. நேராக வந்து நீவெஸைக் கட்டிக்கொண்டார்.

"பயப்படாத நீவெஸ்! நல்ல வக்கீலா நானே வெச்சுத் தரேன். நீ பண்ணியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

நீவெஸுக்கு அழுகை முட்டியது. இந்த ஊரில் அவளை நம்பியது இவர் ஒருவர்தான்!

மூன்று ஸ்ப்ரிட்ஸ் கலந்தாள். பழக்கதோஷத்தில் மூன்றிலும் ஆலிவ் போட்டாள்.

"இது... சனிக்கிழமை ஊத்தின அதே பாட்டில். என் ஒயின்ல தப்பு இருக்குன்னு ஊரே பேசுது. என்னை நம்பறவங்க ஜீஜியோ பேரைச் சொல்லிக் குடிங்க."

வெளியே மூடுபனிக்குள் எங்கோ ஒரு படகின் ஹாரன் தேய்ந்து ஒலித்தது.

"ஜீஜியோவுக்கு!" என்றார் ருஜ்ஜேரோ.

மூன்று கிளாஸும் இடித்துக்கொண்டன. இடித்த கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்தால் குடும்பத்துக்கே ஆகாது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

ஃபுல்வியா கிளாஸை உதடுவரை கொண்டுபோனாள்.

வைத்துவிட்டாள்!

"முடியலை நீவெஸ்... மன்னிச்சிடு. ரெண்டு பசங்க இருக்காங்க எனக்கு."

சாண்ட்ரோவுக்கு நெற்றியில் வேர்வை. முகர்ந்து பார்த்தான். அவனும் வைத்தான்.

"விளையாடறியா நீ? ஒருத்தன் செத்த பாட்டிலை எவன் குடிப்பான்!"

நீவெஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதில் யார்? விஷம் தெரிந்த மருந்துக்கடைக்காரியா? முகர்ந்து பார்த்த படகுக்காரனா?

"தூ! நீங்கல்லாம் நண்பர்களா?" ருஜ்ஜேரோ கர்ஜித்தார். "இருபத்திரண்டு வருஷம் இவ கையால குடிச்சோமே!"

அண்ணாந்தார்.

ஒரே மடக்கு!

காலி கிளாஸை 'டக்'கென்று மேஜையில் வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தன்னை அறியாமலே, ஆலிவ் குச்சியை எடுத்துப் பக்கத்தில் நீட்டினார்... ஜீஜியோ வழக்கமாக நிற்கும் பக்கம்.

அங்கே யாரும் இல்லை.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஏனென்று தெரியாமல், நீவெஸ் அந்தக் கையையே பார்த்தாள்.

சமையலறைக் கதவு திறந்தது.

"போதும்," என்றார் புசெத்தோ. கையில் விலங்கு. "ருஜ்ஜேரோ, ஜீஜியோவைக் கொன்ன குற்றத்துக்காக உங்களைக் கைது பண்றேன்."

"சார்!" நீவெஸ் கத்தியேவிட்டாள். "தப்பு பண்றீங்க! குடிச்சது அவர் ஒருத்தர்தான்!"

"அதனாலதாம்மா! விஷம் ஒயின்ல இருக்கோன்னு பயந்தவங்க குடிக்கலை. ஒயின்ல இல்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஆள்தான் தைரியமாக் குடிச்சார்."

ருஜ்ஜேரோ சிரித்தார். சிரிப்பு பாதியில் வறண்டது.

"நட்புக்காகக் குடிச்சேன். இது ஒரு சாட்சியா?"

"இல்லை. ஆனா கொட்டை சாட்சி."

"என்ன கொட்டை?"

புசெத்தோ மேஜையில் ஒரு சின்னத் தட்டை வைத்தார். அதில் காய்ந்துபோன மூன்று ஆலிவ் கொட்டைகள்!

"சனிக்கிழமை ஜீஜியோ துப்பினது. நீவெஸம்மா, உங்க ஜாடியில இருக்கற ஆலிவ்ல கொட்டை உண்டா?"

"உண்டு சார். எல்லாத்துலயும் உண்டு."

"ஜீஜியோவோட ஆலிவ் ஒண்ணு, நண்பர்கள் போட்டது மூணு. மொத்தம் நாலு. கொட்டை மட்டும் மூணுதான்! நாலாவது இந்தக் கடை ஆலிவே இல்லை. கொட்டையை எடுத்துட்டு, அந்த ஓட்டையில விஷத்தை அடைச்சு, வீட்டுலருந்து பாக்கெட்ல கொண்டுவந்தது. ரிப்போர்ட் நேத்தே வந்துடுச்சு; மத்தியானம்னு சொன்னதும் கைது ஆர்டரும் சும்மா, நீங்க நிஜமா பயப்படணும்னுதான். ஒயின் சுத்தம். மூணு பேர்ல யார்ங்கறது மட்டும்தான் பாக்கி இருந்தது."

செல்போன் அடித்தது. புசெத்தோ காதில் வைத்தார். "ம்... ம்... சரி."

"காலையிலருந்து உங்க மூணு பேர் இடத்தையும் சோதனை போடறோம். உங்க கோடவுன்லருந்து பேசறாங்க ருஜ்ஜேரோ. கொட்டை எடுத்த ஆலிவ் ஒரு டப்பா. விஷப்புட்டி ஒண்ணு. அப்புறம் பெரிய கம்பெனிங்க பேர்ல அச்சடிச்ச போலி லேபிள் எட்டுப் பெட்டி!"

போலி லேபிள்!

நீவெஸுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. உன் ஒயின்... உன் ஒயின் கலப்படம் என்று சொல்லத்தான் ஜீஜியோ வாயெடுத்தார். சாகும்போதும் அவளை எச்சரிக்கத்தான் பார்த்திருக்கிறார் பாவி மனுஷன்!

"ஏன் ருஜ்ஜேரோ?" என்றாள். "எனக்கு வக்கீல் வேற வெச்சுத் தரேன்னியே..."

ருஜ்ஜேரோ அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஆலிவையே வெறித்தார்.

"இந்தக் கடையைப் பத்தின அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சுடு, என் கலப்படம் வெளிய வந்துடும்னு கெஞ்சினேன். கேட்கலை. கடைசிவரைக்கும்... நான் போட்ட ஆலிவைத்தான் முதல்ல தின்னான்."

ஃபுல்வியா விம்மினாள். சாண்ட்ரோ எட்டி அவர் சட்டையைப் பிடிப்பதற்குள் போலீஸ்காரர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

கரையோரம் நின்ற போலீஸ் படகு ருஜ்ஜேரோவை ஏற்றிக்கொண்டு மூடுபனிக்குள் கரைந்தது. எங்கோ மாதாகோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

நீவெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடை பிழைத்தது. ஆனால் சனிக்கிழமை ஆறு மணிக்கு இனி அந்தச் சுவரில் யார் சாய்ந்து நிற்பார்கள்?

"சார், இன்னிக்கு ஒரு நாளாவது குடிக்கறீங்களா? நானே ஊத்தித் தரேன்."

புசெத்தோவின் கண்கள் அலமாரியிலிருந்த பாட்டில் வரிசைமேல் ஓடின.

"எல்லாம் யார் சப்ளைம்மா?"

"அவருதுதான்..."

இன்ஸ்பெக்டர் அவசரமாகத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தண்ணியே குடுத்துடுங்கம்மா. வாரத்துக்கு ஒரு சாவு போதும்!"