ஹாஜிரா ஊர்க் கஞ்சி

ஹாஜிரா பிறந்தபோது பெரம்பலூரில் அவள் வீடு இருக்கும் பக்கம் வெறும் மக்காச்சோளக் காடு. இப்போது பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகள், தெருத் தெருவாக. இந்த வருஷம் ஒரு பள்ளிவாசலும் வந்துவிட்டது. தகரக் கொட்டகைதான். ஆனால் கமிட்டி உண்டு, தலைவர் உண்டு, சண்டையும் உண்டு.

நாளைக்கு முதல் நோன்பு. சாயங்காலம் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்ச வேண்டும். அதை எப்படிக் காய்ச்சுவது என்பதில்தான் சண்டை.

"எங்க லெப்பைக்குடிக்காட்டுல தேங்காய்ப்பால் ஊத்துவாங்க," என்றார் ஹாஜிராவின் அத்தா. "வெள்ளாத்துக் காத்துல தூக்குவாளியோட வரிசையா நிப்போம்..."

"கொத்துக்கறி போடாம அது என்ன கஞ்சி?" என்றார் ஜெயங்கொண்டத்து காதர் மாமா. "எங்க அத்தா தன் கோப்பைக் கறியையும் எனக்கே எடுத்துப் போடுவாரு."

"அரியலூர்ல பூண்டும் பாசிப்பருப்பும்தான். தெருவே மணக்கும்!" என்றார் தலைவர் சுலைமான் மாமா.

யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கஞ்சியே வேணாம். அவங்கவங்க வூட்டுலயே நோன்பு திறந்துக்குங்க."

ஹாஜிராவுக்கு அழுகை முட்டியது. அவள் பிடிக்கப்போகும் முதல் நோன்பு அது. எல்லோரோடும் உட்கார்ந்து திறக்க ஆசைப்பட்டிருந்தாள்.

"மாமா, நான் பொறந்து வளந்தது இங்கதான். எங்க ஊருக்கும் ஒரு கஞ்சி வேணாமா?"



"உங்க ஊருக் கஞ்சி எப்படிம்மா இருக்கும்?" என்றார் காதர் மாமா.

"தேங்காய்ப்பாலும் ஊத்துங்க, கறியும் போடுங்க. பூண்டு, பருப்பையும் விட்டுடாதீங்க."

அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர், "சரி, காய்ச்சித்தான் பாப்போமே," என்றார்.

மறுநாள் கஞ்சி கொதித்தது. ஆனால் உப்புப் பார்க்க ஆளில்லை. எல்லோரும் நோன்பு!

ஹாஜிரா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுத் தென்றலைக் கையோடு அழைத்து வந்தாள். தென்றல் ஒரு கரண்டி ஊதி ஊதிக் குடித்தாள்.

"உப்பு பத்தல."

போட்டார்கள்.

"இப்ப சரியா?"

"இன்னொரு கரண்டி குடிச்சாத்தான் தெரியும்."

காதர் மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

பாங்கு சொன்னதும் எல்லோரும் பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்தார்கள். சுலைமான் மாமா கஞ்சிக் கோப்பையை எடுத்து மடமடவென்று குடித்தார். ஹாஜிரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரியலூர்க் கஞ்சி மாதிரி இல்லவே இல்ல," என்றார் அவர்.

ஹாஜிராவுக்குப் பக்கென்றது.

அவர் காலிக் கோப்பையை அவளிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."