பிணம் கரை ஏறுகிறது

"என்னங்க... என்னங்க... ஐயோ, இவருக்கு மூச்சே வரலையே!"

கப்பலுக்கும் கரைக்கும் நடுவில், நட்டாற்றில் விட்டமாதிரி, நடுக்கடலில் அந்த அலறல் எழுந்தது.

படகில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

கடைசி பெஞ்சில் ஒரு மனிதர் மனைவியின் மடியில் சாய்ந்துகிடந்தார். நல்ல பருமன். பூப்போட்ட சட்டை. வாய் லேசாகத் திறந்திருந்தது. சட்டையில் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கரின் ஓரம் மட்டும் காற்றில் படபடத்தது.

துப்பு சாருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பயத்தில் அல்ல... சந்தோஷத்தில்!

துப்பு சார் அந்த உல்லாசக் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி. பழைய போலீஸ் இன்ஸ்பெக்டர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கடலுக்கு வந்தவர். எதைப் பார்த்தாலும் 'இதுல ஒரு துப்பு இருக்கு' என்பார். அதனால் ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. கோபமான நாட்களில் அதோடு 'கெட்ட' என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

கப்பலுக்கு வந்ததிலிருந்து அவருக்கு வாய்த்த பெரிய வழக்குகள் இரண்டுதான். ஒன்று, நீச்சல்குளத்து நாற்காலிமேல் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்தது. இன்னொன்று, புருஷனைக் காணோம் என்று ஓர் அம்மாள் கொடுத்த புகார். அந்தப் புருஷன் நூலகத்தில் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, "என்னைப் பார்க்கலைன்னு சொல்லிடுங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது ஒரு பிணம். அதுவும் கண்ணெதிரே!

அன்று காலையே விஷயம் சூடு பிடித்திருந்தது. கப்பலின் நகைக்கடையில் ஒரு வைர நெக்லஸ் காணாமல் போயிருந்தது. கேப்டன் துறைமுகப் போலீஸிடம் பேசினார். கரையில் இறங்கும் ஒவ்வொருவரையும் இறங்குதுறையிலேயே தலை முதல் கால்வரை சோதிப்பதென்று ஏற்பாடாயிற்று.

துறைமுகம் சின்னது. கப்பல் பெரியது. குள்ளமான நிலைப்படிக்கு வெளியே நிற்கும் பணக்கார விருந்தாளிபோல அது கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. பயணிகளைச் சின்னப் படகுகளில்தான் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆளுக்கொரு கலர் ஸ்டிக்கரை ஒட்டி, கப்பலின் நாடக அரங்கில் உட்காரவைத்திருந்தார்கள். ஆடம்பரத்துக்கென்றே வந்த கூட்டம், படகு என்றதும் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதுபோல முண்டியடித்தது. மஞ்சள் ஸ்டிக்கர்காரர்கள் பச்சை ஸ்டிக்கர்காரர்களை ஜென்மப் பகையாளிகளைப்போல் பார்த்தார்கள்.

சோதனை பற்றிய அறிவிப்பு அங்கேதான் வந்தது. வரிசை நகரவில்லை. வெகுநேரம் கழித்தே பச்சைக்கு அழைப்பு வந்தது. அந்தப் படகில் துப்பு சாரும் தொற்றிக்கொண்டார்.

இதோ... கைமேல் பலன்.

"யாராவது டாக்டர் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

முன்வரிசையில் ஒரு கை பாதிதான் உயர்ந்தது. பல் டாக்டராம். அவர் படகின் ஆட்டத்தில் தள்ளாடிக்கொண்டே வந்து, மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார், பழக்கதோஷத்தில் வாய்க்குள்ளும் எட்டிப்பார்த்தார். நாடி கிடைக்கவில்லை என்றார். மார்பை அழுத்திப் பார்க்கலாம் என்று குனிந்தார்.

மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"அவர் நெஞ்சைத் தொடாதீங்க. எலும்பு உடைஞ்சிடும். கரைக்குப் போங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

பல் டாக்டர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கணவனின்மேல் கவிழ்ந்து மூடிக்கொண்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "போயிட்டார்னு நினைக்கிறேன்" என்று துப்பு சாரின் காதில் சொல்லிவிட்டு, தன் இடத்தை வேறு யாராவது பிடித்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

படகு ஓட்டுநர் கரைக்கு வயர்லெஸ்ஸில் தகவல் சொன்னார்.

கரையிலிருந்து துறைமுக அதிகாரியின் குரல் கறாராக வந்தது. உயிரோடு வருகிறவர்களுக்குத்தான் இறங்க அனுமதி. செத்தவர் இறங்க வேண்டுமென்றால் கப்பலின் சான்றிதழ் வேண்டும், முத்திரை வேண்டும். அதுவரை இறங்குதுறையில் கயிறு கட்டக்கூடாது.

ஓட்டுநர் படகைக் கப்பல் பக்கம் திருப்பினார்.

கப்பலிலிருந்து மேலாளர் பதறினார். கப்பலின் கீழ்க்கதவில் மஞ்சள் ஸ்டிக்கர்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் பிணத்தை இறக்கினால் விடுமுறை மூடே கெட்டுவிடும், டாக்டரை இன்னொரு படகில் அனுப்புகிறோம், அதுவரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நில்லுங்கள் என்றார். கடைசியாக, பயணிகளுக்கு ஏதாவது குளிர்பானம் வேண்டுமா என்றும் கேட்டுக்கொண்டார்.

கரையும் வேண்டாம் என்றது. கப்பலும் வேண்டாம் என்றது.

படகு நடுவில் வட்டமடித்தது.

பயணிகளுக்குள் சலசலப்பு தொடங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எழுந்து நின்று, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். அதே மூச்சில், ஊர் சுற்றிப்பார்க்கும் பஸ் தங்களுக்காகக் காத்திருக்காது என்பதையும் தெரிவித்தார்.

"இறந்தவருக்கு இனிமே அவசரம் இல்லை. நமக்கு இருக்கு. நேரா கரைக்கே போகணும்கிறவங்க கை தூக்கிடலாமா?"

பல கைகள் தயக்கத்தைத் துறந்து எழுந்தன. புதுமணத் தம்பதி ஒன்று, பிணம் தெரியாதபடி கோணம் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

துப்பு சார் எதையும் காதில் வாங்கவில்லை. அவர் கண் அந்த மனைவிமேலேயே இருந்தது.

படகின் மூக்கு கப்பலைப் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் அவள் ஓலம் உச்சத்துக்குப் போனது. கரையைப் பார்த்துத் திரும்பினால் விசும்பலாகத் தணிந்தது.

படகு சுற்றியது... ஓலம்.

படகு சுற்றியது... விசும்பல்.

யாரோ குழாயைத் திறந்து மூடுவதுபோல!

'இதுல ஒரு துப்பு இருக்கு.'

மூளையில் பளிச்சென்று மின்னல் வெட்டியது. இறங்குதுறையில் எல்லோரையும் சோதிப்பார்கள். ஸ்ட்ரெச்சரில் போகிறவனை யார் சோதிப்பார்கள்? நேராக ஆம்புலன்ஸ், நேராக ஆஸ்பத்திரி, பின்வாசல் வழியாக டாக்ஸி. நெஞ்சை அழுத்த விடாததும் இப்போது புரிந்தது. நல்லா இருக்கிறவன் நெஞ்சில் ஏறி மிதித்தால் அவன் 'ஐயோ அம்மா' என்று எழுந்து உட்கார்ந்துவிடுவானே!

துப்பு சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எத்தனை வருஷமாகக் காத்திருந்த கணம். முடிந்தவரை கூட்டத்துக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"பயணிகளே... காலையில கப்பல்ல ஒரு திருட்டு. இப்ப படகுல ஒரு சாவு. ரெண்டும் ஒரே ஆளோட வேலை. இவர் சாகலை. நடிக்கிறார்."

அத்தனை தலைகளும் மறுபடி கடைசி பெஞ்சுக்குத் திரும்பின.

மனைவி நிமிர்ந்தாள். முகம் வெளுத்தது. "மனசாட்சி இருக்கா உங்களுக்கு" என்றாள்.

துப்பு சார் குனிந்து, அந்த மனிதரின் வலதுகால் ஷூவைக் கழற்றினார். கம்பளிக் காலுறை. இந்த வெயிலில் கம்பளி! அதையும் உருவினார்.

சரக்கென்று ஏதோ பலகையில் விழுந்தது.

பளபளவென்று... வைர நெக்லஸ்!

கூட்டம் கைதட்டியது. தலைமையாசிரியைகூட "வெரி குட்" என்றார். புதுமணத் தம்பதி கோணத்தை மாற்றிக்கொண்டது.

துப்பு சார் வெற்றிப் புன்னகையோடு அந்த வெறுங்காலின் உள்ளங்காலில் விரலால் குறுகுறுப்பு மூட்டினார்.

"எந்திரிங்க சார். திரை விழுந்தாச்சு."

அவர் எழவில்லை.

இன்னும் கொஞ்சம் குறுகுறுப்பு மூட்டினார். ஒரு கிள்ளு. அப்புறம் நன்றாகவே ஒரு கிள்ளு.

கால் அசையவில்லை. ஜில்லென்று இருந்தது.

கைதட்டல் மெல்ல மெல்ல ஓய்ந்தது. துப்பு சாரின் புன்னகை முகத்தில் ஒட்டியபடியே காய்ந்தது.

அந்த நேரத்தில் கப்பல் டாக்டரின் படகு வந்து உரசியது. கூடவே, கரையில் நடக்கும் சோதனையில் நகை கிடைத்தால் அடையாளம் காட்டுவதற்காக நகைக்கடை மேனேஜரும் இருந்தார். டாக்டர் இந்தப் படகுக்குத் தாவி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இமைகளை விரித்து டார்ச் அடித்தார். பிறகு துப்பு சாரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். ஆள் நிஜமாகவே போய்விட்டார், அதுவும் மாரடைப்பு இல்லை என்றார். கண்பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கிறது, ஏதோ மயக்க மருந்தை அளவில்லாமல் விழுங்கியிருக்கிறார் என்றார்.

துப்பு சார் குரலைத் தாழ்த்தினார். "அப்பவே நெஞ்சை அழுத்தியிருந்தா?" என்று கேட்டார்.

"தெரியலை. ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

ஒரு சாவின்முன் நின்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தோம் என்ற நினைப்பு அவரைச் சுட்டது. கடலைப் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கை ஞாபகம் வந்தது. பல் டாக்டரைத் தட்டிவிட்ட கை. எலும்பு உடைந்துவிடும் என்ற கவலையா அது? இல்லை... உயிர் திரும்பிவிடும் என்ற கவலையா?

மனைவி இதற்குள் கதையை மாற்றியிருந்தாள். நெக்லஸைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாது, இந்த மனுஷன் இப்படிப்பட்டவர் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று பக்கத்துப் பெஞ்சு அம்மாளின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த அம்மாளும் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

துப்பு சார் டாக்டரின் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் முறைத்தார், யோசித்தார், கடைசியில் தலையாட்டினார்.

துப்பு சார் அவள்முன் போய் நின்று கைகூப்பினார்.

"அம்மா, நல்ல சேதி. துடிப்பு திரும்பிடுச்சாம். ஊசி போட்டிருக்கார். இன்னும் கொஞ்ச நேரத்துல கண்ணு முழிச்சுப் பேசுவார்."

புருஷன் பிழைத்தான் என்றால் ஒரு மனைவி ஓடிவந்து முகத்தைப் பார்ப்பாள்.

இவள் எழுந்து பின்னால் நகர்ந்தாள். படகின் ஓரம் முழங்காலின் பின்னால் இடித்தது.

"பேசுவாரா? எப்படிப் பேசுவார்? ஒண்ணு போட்டாலே நாள் பூரா எந்திரிக்க மாட்டார். நான் கை நிறைய..."

நிறுத்தினாள்.

தாமதமாக!

"கை நிறைய?" என்றார் துப்பு சார், மெதுவாக.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அழவில்லை. இருவரும் கப்பல் கப்பலாக இதே தொழில்தான் செய்துவந்தார்கள் என்பதைச் சந்தைக்குப் போய்வந்த கதைபோலச் சொன்னாள். அவர் திருடுவார். சோதனை என்று வந்தால், ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மயங்கி விழுவார். இவள் அழுவாள். ஆம்புலன்ஸ் வரும். பங்கு பிரிக்கும்போது மட்டும், மூளை என்னுடையது, உனக்கென்ன, சும்மா அழுததுதானே என்பாராம். இந்த முறை சோதனை அறிவிப்பு வந்ததும், தண்ணீரில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தது அவள்தான்.

"ஒவ்வொரு துறைமுகத்துலயும் பொய்யாவே அழுது கண்ணு வத்திப்போச்சு சார். ஒரு தடவையாவது அழறதுக்கு ஒரு காரணம் இருக்கட்டுமேன்னு பார்த்தேன்."

தோள் கொடுத்த அம்மாள் தோளை வாங்கிக்கொண்டாள்.

ஓட்டுநர் மறுபடியும் கரைக்குத் தகவல் சொன்னார். இது சாவு இல்லை, கொலை என்றார். அவ்வளவுதான். சாவை வாசலிலேயே நிறுத்திய துறைமுக அதிகாரி கொலைக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தார். படகு போய்ச் சேரும்போது அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். முதலில் பயணிகள் இறங்கினார்கள். தலைமையாசிரியை பஸ் நின்ற திசையில் ஓட்டமும் நடையுமாகப் போனார். பிறகு மனைவியைப் போலீஸ் அழைத்துப்போனது. கடைசியாக ஸ்ட்ரெச்சர் இறங்கியது.

துறைமுக அதிகாரி துப்பு சாரின் கையைக் குலுக்கினார். நெக்லஸ்தான் முக்கிய சாட்சியம், உடனே நிபுணரிடம் அனுப்பி மதிப்புப் போட்டுவிடலாம், நாளைக்கு எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் முதல் பக்கம் என்றார்.

அதைக் கேட்டதும் நகைக்கடை மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. துப்பு சாரின் சட்டையைப் பிடித்து டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"சார், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அதை நிபுணர்கிட்ட மட்டும் அனுப்ப விடாதீங்க."

"ஏன்?"

"அது... கண்ணாடி சார்."

துப்பு சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எது?"

"நெக்லஸ். அது மட்டுமில்ல... கடையில இருக்கற எல்லாமே. கடல்ல யார் சார் உரசிப் பார்க்கப் போறாங்க? விற்கிற பொண்ணுக்கு இது தெரியாது. காணோம்னதும் பதறிப்போய் நேரா கேப்டன்கிட்ட சொல்லிட்டா. நான் என்ன பண்ணுவேன்?"

வெளியே ஆம்புலன்ஸின் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடித் துண்டுகளுக்காகச் செத்த மனிதர், யாரும் சோதிக்காமலே கரையைக் கடந்து போனார்.

துப்பு சார் அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார். பிறகு மேனேஜரின் கையைத் தன் சட்டையிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

"காலையிலேர்ந்து நான் போலின்னு சந்தேகப்பட்டது ஒண்ணே ஒண்ணைத்தான்யா... அந்தப் பொணத்தை. கடைசியில பார்த்தா, நம்ம கப்பல்லயே ஒரிஜினலா இருந்தது அது மட்டும்தான்!"