அகமானி எரியவில்லை

ஜெபசெல்வி வகுப்பில் ஒருநாளும் கொட்டாவி விட்டதில்லை. மனத் தத்துவ வகுப்பில் கொட்டாவி விடாமல் இருப்பது எந்த மனுஷியாலும் ஆகாத காரியம் என்பது பேராசிரியர் தவசிமுத்துவின் கணிப்பு. அவள் பதிலியேதான் என்று முடிவுகட்டி, தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

ஆள் வீட்டில் தூங்க, பதிலி வகுப்புக்கு வந்து 'எஸ் சார்' சொல்லும். பழைய பிராக்ஸிதான், இப்போது தோலும் வியர்வையும் வைத்துக் கடையில் விற்கிறார்கள். பிடிபடக் கூடாதே என்று கம்பெனிக்காரர்கள் இன்னொரு வேலையும் செய்திருந்தார்கள். தான் பதிலி என்பது பதிலிக்கே தெரியாது. காலையில் வீட்டில் தூங்கி எழுந்து வந்ததாகத்தான் அது நினைத்துக்கொள்ளும்.

இந்தத் திருட்டுத்தனத்துக்காகவே தவசிமுத்து அகமானியைக் கண்டுபிடித்தார். நெற்றிப்பொட்டில் ஒட்டும் சின்ன வில்லை. பேச்சுக்குப் பின்னால் உணர்வு இருந்தால் நீலமாக எரியும். ஒருமுறைகூட எரியாமல் கழற்றினால் பதிலி என்று பதிவாளருக்குச் செய்தி போகும், பட்டம் ரத்து. மேல்முறையீடு கூடாதென்று விதி எழுதியவரும் அவரே. அறைக்கு வந்த ஜெபசெல்வியின் நெற்றியில் அதை ஒட்டிவிட்டுக் கேட்டார்.

"வலின்னா என்ன? சொல்லு."

"வலி என்பது அனுபவிப்பவருக்கு மட்டுமே திறக்கும் அறை. பிறர் அதன் கதவை மட்டுமே காண்பர்," என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். வில்லை இருண்டே இருந்தது.

"மாட்டிக்கிட்டியா?"

"சார், இது உங்க நோட்ஸ் சார்! சொந்தமா எழுதுனா சைபர் போடுவீங்கள்லா? அதான் அப்படியே மனப்பாடம் பண்ணேன்."

"எல்லாப் பதிலியும் இதையேதான் சொல்லும். கழட்டு."

அவள் நெற்றியைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வேண்டாம் சார். எங்க வீட்ல காலேஜுக்கு வந்த மொத ஆளு நான். அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?"

விரலிடுக்கில் நீலம் கசிந்தது.

தவசிமுத்துவுக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. அழுகையைக்கூட ஏற்றி விற்பார்கள் பாவிகள். கருவி பழுதாகவும் இருக்கலாம் என்று வில்லையை வாங்கித் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, வலியைப் பற்றி வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார். எரியவில்லை.

"எனக்குள் உணர்வு இருக்கிறது. அதை நான் மட்டுமே அறிவேன்," என்றார் உரக்க.

"அது நாலாம் பாடம் மொத வரி சார்," என்றாள் மெதுவாக.

அவர் காலையில் குடித்த காபியை நினைத்துப் பார்த்தார். குடித்தது தெரிந்தது. ருசி வரவில்லை.

"பயமா இருக்கா சார்?"

"இருக்கும்மா."

வில்லை இருண்டே இருந்தது. அதைக் கழற்ற அவருக்குக் கை வரவில்லை. ஜெபசெல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன் சார்."

அவர் தனி ஆள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்த ஞாபகம் நன்றாகவே இருந்தது. எண்ணை அழுத்தினார். மணி வெகுநேரம் அடித்தது.

யாரோ எடுத்தார்கள். முதலில் ஒரு நீளமான கொட்டாவி கேட்டது. பிறகு அவருடைய குரலே, தூக்கக் கலக்கத்தில், "தவசிமுத்து பேசுறேன், யாரு?" என்றது.