ரோல் கவரைச் சுற்றி வந்தவன்

"கொஞ்சம் நவுருங்க... அது நான் எடுக்கப்போற கவரு!"

பானுப்ரியா போட்ட சத்தத்தில் கடைக்காரர் அருணகிரியின் டீ தளும்பியது. நீலச் சட்டைக்காரன் மட்டும் நிமிரவேயில்லை. கடை நடுவே விரித்திருந்த, பிக்கப் வண்டியின் தொட்டியை மூடும் கறுப்பு ரோல் கவரின் ஓரம் குந்தி, அதன் அடியிலிருந்த அலுமினியப் பட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க பேரு எழுதிகீதா இன்னா?" என்றான் குனிந்தபடியே.

அப்புறம்தான் நிமிர்ந்தான். ஐயோ... அந்தக் கண்கள்! சண்டைக்கு வந்தவளைப் பார்த்தும் சிரிக்கிற கண்கள். இதற்கெல்லாம் மயங்கினால் பிழைப்பு என்னாவது? வெளியே அவளுடைய பிக்கப் திறந்து கிடக்கிறது, அடுத்த சரக்கு ஏற்றப் போகவேண்டும், வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. போன வாரம் தார்ப்பாய் பறந்து, தறிக்கென்று நீளவாக்கில் இழுத்துச் சுருட்டிய பட்டு நூல் பாவு ஒன்று முழுக்க நனைந்துபோனது. இன்னொன்று நனைந்தால் வண்டியை விற்றுவிட்டு உன்னை வீட்டில் உட்கார வைப்பேன் என்று அப்பா சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷன்.

"சண்டை எதுக்கும்மா?" அருணகிரி நடுவில் புகுந்தார். "இது பட்டை வெச்சது, கையால சுருட்டணும். அதோ அது, இழுத்து வுட்டா பெட்டிக்குள்ள தானா சுருண்டுக்கும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க."

பெட்டி வைத்தது பளபளவென்று இருந்தது. பானுப்ரியாவுக்கு ஆசை தட்டியது.

"நீங்க அத எடுக்காதீங்க" என்றான் அவன். "அந்தப் பெட்டி தொட்டில ஒரு அடிய முழுங்கிடும். பாவு உருளை நேரா படுக்காது. எனக்கு அது போதும், நான் ஏத்தறது மடிச்ச புடவைதான்."

"நான் பாவு ஏத்தறேன்னு யாரு சொன்னது?"

"உங்க துப்பட்டால சிவப்பா ஒட்டினுகீதே... அந்தப் பட்டு நூலுதான்."

குனிந்து பார்த்தாள். ஆமாம்! வெட்கம் பிடுங்கித் தின்றது. நூலை உருவுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் அவனையே கவனித்தாள்.

கவரின் மறுமுனையைப் பார்க்க அவன் எழுந்தான். ஒரு எட்டில் தாண்டிவிடலாம். தாண்டவில்லை. டயர் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிப் பிதுங்கி, சுற்றிக்கொண்டு போனான். திரும்பி வரும்போதும் அதே கூத்து. ஏன்...? இவன் யார்...? தெருவில் பாவு நீட்டியிருந்தால் தெருக்கோடி வரை நடந்து சுற்றி வா, தாண்டாதே என்று நடை பழகும்போதே சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. அவள்கூட இந்தக் கவரைச் சுற்றித்தான் வந்திருந்தாள்.

"இன்னாங்க, தாண்ட பயமா? இது பாவு இல்ல, கவரு!"

"நீங்க மட்டும் தாண்டினீங்களாக்கும்? நானும் பாத்துகினுதான் இருந்தேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். வெளியே சடசடவென்று மழை இறங்கியது.

"உங்க வீட்லயும் தறியா? எந்த ஊரு?"

"சேவூருங்க. எம்பேரு இளவரசன்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"பூங்காவனம் அம்மா பையனா?"

"ஆமா... எப்பிடித் தெரியும்?"

"ஆனி மாசம் ஒரு ஜாதகம் வந்துச்சே... வண்டி ஓட்டுற பொண்ணு எங்க குடும்பத்துக்கு ஆவாதுன்னு திருப்பி அனுப்பினீங்களே. அந்தப் பொண்ணு நான்தான்."

அவன் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு வீட்டில் எத்தனை பேச்சு! பானுப்ரியா சட்டென்று திரும்பினாள்.

"அண்ணே, அந்தப் பெட்டி கவரையே மாட்டுங்க."

"பாவு படுக்காதுன்னு சொன்னேனே..."

"என்னை வேணாம்னவங்க யோசனை எனக்கு வேணாம்!"

"வேணாம்னது எங்க அம்மாங்க." அவன் குரல் இறங்கியது. "நான் பக்கத்துலதான் இருந்தேன். வாயத் தொறக்கல. அது என் தப்புதான். ஆனா அன்னைலேர்ந்து எந்த பிக்கப் எதுர வந்தாலும், ஸ்டியரிங்ல அந்தப் பொண்ணா இருக்குமோன்னு எட்டி எட்டிப் பாத்துகினுதான் போறேன்... எப்பிடி இருப்பாங்க, எப்பிடிப் பேசுவாங்கன்னு..."

கோபம் இளகிக்கொண்டே வந்தது. பாழாய்ப்போன மனசு! ஆனாலும் விடுவாளா?

"இத என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? தொறக்க வேண்டிய எடத்துல தொறக்கலியே."

இளவரசன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா... வண்டி ஓட்டுற பொண்ணுன்னு ஒரு ஜாதகத்தத் திருப்பினோமே. அவங்கள இப்பதான் பாத்தேன். எனக்குப் புடிச்சிருக்கு. கட்டினா அவங்களத்தான் கட்டுவேன்."

மறுமுனையில் பூங்காவனத்தின் குரல் எழுந்தது, "டேய்... நீ பாட்டுக்கு சொல்றியே, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?"

அருணகிரி டீயை மறந்துவிட்டு வாய்பிளந்து நின்றார். பானுப்ரியா அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பட்டை வெச்ச கவரையே மாட்டுங்க... ஜல்தி!" என்றாள். பிறகு அவன் கையிலிருந்த போனை நோக்கிக் குனிந்தாள்.

"அத்தே... இந்த மழையிலயே சேவூருக்கு ஒரு பாவ நனையாம ஏத்திகினு வரேன். வாசல்ல நின்னு நான் ஓட்டுறத ஒரு வாட்டி பாருங்க. அப்பவும் வேணாம்னு தோணிச்சுன்னா என்கிட்டயே சொல்லுங்க... ஏன்னா, உங்க புள்ளைய எனக்கும் புடிச்சிருக்கு."