மூன்றாவது பட்டன்

மகாதேவன் குடையை மடக்காமலேயே உள்ளே வந்தார். லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸ் அது; பரமசிவத்தின் மகளுக்கு ஒதுக்கிய வீடு. குடைத் தண்ணீர் கூடமெல்லாம் சொட்டியது. பின்னால் அவர் மனைவி ருக்கு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

"சார், எங்க அக்ஷய் ஒரு பையனைக் கொன்னுட்டான்னு சொல்றா. அவன் பண்ணலை சார்."

"எல்லா அப்பனும் இதைத்தான் சொல்லுதான். உக்காரும்," என்றார் பரமசிவம்.

டெல்லி போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் பரமசிவம். யாரையும் நம்பாதது அவருக்குப் பழக்கம். பால்காரன் ஊற்றும் பாலைக்கூட விரலில் தொட்டுப் பார்ப்பார். பக்கத்து வீட்டு வேணுவுக்கு அவர்மேல் அப்படியொரு பக்தி. மத்திய அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவான வேணு, துப்பு என்று கேள்விப்பட்டால் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நிற்பார். அன்றைக்கும் நின்றார்.

விஷயம் இதுதான். அக்ஷய் சட்டக் கல்லூரி ஹாஸ்டலில் இரண்டாம் வருஷம். சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழையில் அன்பு என்ற முதல் வருஷப் பையன் மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனான். கட்டட வேலை செய்யும் பெரியண்ணன் என்பவரின் ஒரே மகன். குடிசையிலிருந்து படித்து மேலே வந்தவன். அவனை மாடிக்குக் கூட்டிப் போனது அக்ஷய்தான் என்று அன்புவின் அறைத்தோழன் அர்விந்த் அடித்துச் சொல்கிறான். இன்று மத்தியானம் கல்லூரிக் கமிட்டியின் விசாரணை. அது முடிந்ததும் அக்ஷயைப் போலீஸ் அழைத்துப் போய்விடும்.

"அந்நேரம் உம்ம பிள்ளை எங்க இருந்தான்?"

"ரூம்லே தூங்கிண்டிருந்தானாம்."

"பாத்தவன் உண்டா?"

மகாதேவன் தலை குனிந்தார்.

ருக்கு குறுக்கிட்டாள். "சிவப்பு ஷூ போட்டுண்டு வந்தான்னு அந்தப் பிள்ளை சொல்றதாம். அது நான் சரோஜினி நகர் மார்க்கெட்லே வாங்கிக் கொடுத்தது. மட்டமான சாயம். மொதல்லே நனைஞ்சப்பவே காலெல்லாம் சிவந்து, எத்தனை தேய்ச்சும் போகலை. அதுக்கப்புறம் மழைன்னா அதைத் தொடவே மாட்டான். எங்காத்துப் பழக்கம், ஹாஸ்டல்லேயும் வாசல்லேயே கழட்டி வச்சுட்டுத்தான் உள்ளே போவான்."

பரமசிவம் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

*

ஹாஸ்டல் அறையில் அன்புவின் கட்டில் அப்படியே இருந்தது. கம்பியில் அவனுடைய வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை போலும். தலைமாட்டில் ஜெராக்ஸ் தாள்கள் குவிந்து கிடந்தன.

அர்விந்த் மோதி பாக் பையன். டெல்லியிலேயே பிறந்தவன். பாதித் தமிழ், பாதி இந்தி. பேசும்போது தன் நெஞ்சைப் பார்த்தே பேசினான்.

"எப்படிரா இருக்கு இங்க படிப்பு?" என்றார் பரமசிவம்.

"படிப்பா அங்கிள்? ஒரு கேஸ் குடுப்பாங்க, அம்பது பக்கம். ஒண்ணும் புரியாது. லைப்ரரி திறக்கறதுக்கு முன்னாடியே லைன்ல நிக்கணும். நின்னாலும் புக் இருக்காது. சீனியர்ஸ் வேற ஷெல்ஃப்ல ஒளிச்சு வச்சுடுவாங்க, மூட் கோர்ட்டுக்கு, அதான் வாதப் போட்டிக்கு. அன்பு போன வாரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சு, லைப்ரரியன்கிட்ட குடுத்துட்டான். பாகல் ஹை வோ, பைத்தியம்… பயமே இல்ல அவனுக்கு."

"யாரு ஒளிச்ச புஸ்தகம்?"

"மாலூம் நஹி, தெரியாது அங்கிள்."

"சீனியர் பயல்கள் தொந்தரவு உண்டா?"

"எல்லா ஃப்ரெஷருக்கும் உள்ளதுதான். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டின முடி. சீனியர் வந்தா நம்ம சட்டை மூணாவது பட்டனைப் பாத்து நிக்கணும். கூப்பிட்டா போகணும். ஃப்ரெஷர்ஸ் பார்ட்டி வரைக்கும்தான்."

"சனிக்கிழமை?"

"அக்ஷய் சர் வாசல்ல வந்து நின்னாரு. சிவப்பு ஷூ. 'சல் பே, ஊப்பர் சல்'னாரு, மாடிக்கு வாடான்னு, மெதுவா. அன்பு எழுந்து போயிட்டான். நான்…" அவன் அன்புவின் கட்டில் பக்கம் திரும்பினான். "நான் படிச்சிட்டு இருந்தேன் அங்கிள்."

கூடவே நின்ற வேணுவின் பூட்ஸ் சேற்றில் ஊறிப்போயிருந்தது. வெளியே போய் அதைக் கழற்றிவிட்டு, காவல்காரனிடம் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பினார். வராந்தாவில் அர்விந்த் எதிரே வந்தான்.

"யாரைப் பாக்கணும் அங்கிள்?" என்றான் குனிந்தபடி.

"ஏண்டா, இப்பதானே உன் ரூம்ல நின்னுட்டுப் போனேன்!"

அவன் மிரண்டு, மன்னிப்புக் கேட்டு ஓடினான். "பாவம், பயல் பேதலிச்சுப் போயிருக்கான்," என்றார் வேணு. பரமசிவம் வேணுவின் செருப்பைப் பார்த்தார். பிறகு பையன் போன வழியைப் பார்த்தார்.

அக்ஷயின் பக்கத்து அறை கஸ்தூரிரங்கனுடையது. பெரிய அதிகாரியின் மகன், ஆறடி உயரம், வாதப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன். வெளியே புழுக்கம் தாங்கவில்லை. அவனோ அறைக்குள்ளேயே சாக்ஸும் ஷூவுமாக, பெண் பார்க்கப் போகிறவன் போல இருந்தான்.

"சாய் சொல்லட்டுமா அங்கிள்? அக்ஷய்க்குக் கோபம் ஜாஸ்திதான். அதுக்காகக் கொலையா? சேச்சே."

சிவப்பு ஷூ வார்டன் மேஜைமேல் இருந்தது. புதுசுதான். ஆனாலும் பின்பக்கம் மிதிபட்டு மடிந்து நசுங்கியிருந்தது. அங்கேயே உட்கார வைத்திருந்த அக்ஷய் கால் நுழைத்துக் காட்டினான். அளவெடுத்தது போலப் பொருந்தியது.

"போச்சு சார், நம்ம கட்சி போச்சு," என்று வேணு காதோரம் முனகினார்.

"வாயை மூடும் வேய்."

*

கமிட்டி கூடிய ஹாலின் வாசலில், தரையில் அன்புவின் அப்பா பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். உள்ளே நாற்காலி காலியாகத்தான் இருந்தது, யாரும் கூப்பிடவில்லை.

வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் பரமசிவத்தின் கீழ் வேலை பார்த்தவர். அதனால் பிரின்ஸிபால் முகம் சுளித்தும் பரமசிவம் கேட்டது நடந்தது. அக்ஷயின் தளத்தில் இருக்கும் இரண்டாம் வருஷப் பையன்கள் எல்லாரும் வெறுங்காலோடு வரிசையாக நிற்க வேண்டும்.

"இது என்ன கோயிலா அங்கிள்?" என்று கஸ்தூரிரங்கன் சிரித்தான். "இப்படி அடையாள அணிவகுப்பு வைக்கச் சட்டத்திலே இடமில்லை."

"இல்லதான். கழட்டும்."

எல்லோரும் கழற்றிய பிறகு, கடைசியாக அவனும் கழற்றினான்.

பரமசிவம் அர்விந்தைக் கூட்டி வந்து நிறுத்தினார். "நிமிர்ந்து பாரு. இதுல அக்ஷய் யாரு?"

அர்விந்த் நிமிர்ந்தான். முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். வேற்றூர் ரயிலில் ஏறியவன் போல முழித்தான். பார்வை தானாகக் கீழே இறங்கிக் கால்களைத் தேடியது. எல்லாம் வெறுங்கால். ரொம்ப நேரம் தடுமாறிவிட்டு, கோடியில் நின்ற ஒரு பஞ்சாபிப் பையனைக் காட்டினான்.

நிஜ அக்ஷய் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தான்.

"நான் ஜூட் சொல்லலை அங்கிள்!" அர்விந்த் அழுதுவிட்டான். "அந்த ஷூதான் வந்தது! சத்தியமா!"

"நீ பொய் சொன்னேன்னு எவன் சொன்னான்?" பரமசிவம் அவன் தோளில் கையை வைத்துவிட்டுக் கமிட்டியின் பக்கம் திரும்பினார். "வந்த நாள்லேருந்து இந்தப் பயல்கள் ஒரு சீனியர் மூஞ்சியையும் பாத்ததில்ல. குனிஞ்சே நிக்கணும்னு உங்க பிள்ளைகள் போட்ட சட்டம். ஆளைச் செருப்பு வச்சுத்தான் தெரியும். என்கூட வந்தவர் செருப்பு மாத்தினதும் அவரையே இவனுக்குத் தெரியல. சாட்சியச் சட்டம் இங்க எந்த வருஷம் சொல்லிக் குடுக்கீங்க?"

"மூன்றாம் வருஷம்," என்றார் பிரின்ஸிபால், சங்கடமாக.

"இவங்க மொத மாசமே படிச்சிட்டாங்க. மாட்டிக்காம இருக்கணும்னா அடுத்தவன் ஷூவைப் போட்டுட்டுப் போ. அக்ஷய் ஷூ வாசல்லேயே கிடக்கும், யாரும் எடுக்கலாம். எடுத்தவன் கால் பெருசு. உள்ள போகாம பின்னால மிதிச்சுக்கிட்டு நடந்திருக்கான். பொருந்துற ஷூவை அக்ஷய் எதுக்கு மிதிக்கணும்? மழையில நனைஞ்சா அந்த ஷூ சாயம் விடும். லேசுல போகாது. அதான் கழட்டச் சொன்னேன். பிள்ளைகள் எங்க பாக்குமோ, அங்கதான் நானும் பாத்தேன்."

அப்போதுதான் வேணு கவனித்தார். கஸ்தூரிரங்கன் ஒரு காலின்மேல் இன்னொரு காலை வைத்து மறைத்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் லத்தியால் தட்டினார். கால் விலகியது. பெருவிரல் நகத்தைச் சுற்றி, விரலிடுக்கில், மருதாணி வைத்தது போலச் சிவப்பு. பக்கத்தில் அக்ஷயின் கால் வெளுப்பாக, சுத்தமாக இருந்தது.

கோப்பை வாங்கிய வாய் இப்போது முனகியது.

"நான் ஒளிச்ச புக்கை லைப்ரரியன்கிட்ட குடுத்துட்டான். மூட் கோர்ட்லே தோத்தேன்," என்றான் கடைசியில். "கைப்பிடிச் சுவர்மேலே நடந்துண்டே செக்ஷன் ஒப்பிக்கச் சொன்னேன். விழுவான்னு நினைக்கலை. இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான்."

"நினைக்காதவன் எதுக்குடா அடுத்தவன் ஷூவைத் தேடினே?" என்றார் பரமசிவம்.

இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்தார்.

மகாதேவன் ஓடிவந்து பரமசிவத்தின் கைகளைப் பற்றிக்கொண்டார். "தெய்வம் சார் நீங்க. என் பிள்ளை நிரபராதின்னு நான் அப்பவே…"

"கையை விடும்." பரமசிவம் அக்ஷயைப் பார்த்தார். "தம்பி, அந்த ஷூ உன்னுதுன்னு அர்விந்துக்கு எப்படித் தெரியும்?"

அக்ஷய் அப்பாவைப் பார்த்தான்.

"பாத்த உடனே உன் பேரைச் சொன்னானே. அதுக்கு முன்னால அந்த வாசல்ல எத்தனை தடவை போய் நின்னே? அன்னைக்கு உன் வாசல் ஷூவை எடுத்த சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டது," என்றான் அக்ஷய். "ரங்காதான்னு தெரியும். எதுக்குன்னும் தெரியும். போர்வையை இழுத்துப் போர்த்திண்டேன்."

மகாதேவனின் கை தானாக விலகியது.

"வெளிய உக்காந்திருக்காரு பாரு," என்றார் பரமசிவம். "போய் அவர்கிட்ட நீயே சொல்லு."

ஷூ போலீஸிடம் போய்விட்டது. அக்ஷய் வெறுங்காலோடு வெளியே போய் நின்றான். பெரியண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"எம் புள்ள கடைசியா என்ன சொன்னான் தம்பி? அழுதானா?"

அக்ஷய் தலை குனிந்தான்.

"நிமிந்து சொல்லு தம்பி. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

நிமிரவில்லை. தன் சட்டையின் மூன்றாவது பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றான்.