பழுது எதுவும் இல்லை

முதல் தடவை கேட்டபோது அது தன்னுடைய மூச்சு என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு வாக்கியத்தை வாசித்து முடித்த இடத்தில், அடுத்ததைத் தொடங்குவதற்கு முன்பு, சின்னதாக ஒரு இழுப்பு. ஹெட்போனை மாட்டித் திரும்பப் போட்டுக் கேட்டாள். இழுப்பு இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இழுப்பும் இருந்தது. ஒரு ஆள் எவ்வளவு அவசரப்பட்டாலும் ஒரே இடத்தில் இரண்டு தடவை மூச்சை உள்ளே இழுக்க முடியாது. அப்படியென்றால் லேப்டாப்பின் விசிறிதான். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வாரண்டி இருக்கிறது, கொண்டுபோய்ப் போட்டால் மாற்றித் தந்துவிட்டுப் போகிறார்கள் என்று நிம்மதியாக எழுந்து வெளியே வந்தாள்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது அவள் வேலை. படுக்கையறைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்த பெரிய துணி அலமாரிதான் ஸ்டுடியோ. தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு குட்டை ஸ்டூலும் மடக்கு மேஜையும் போட்டிருந்தாள். மேஜைமேல் லேப்டாப், மைக். முதுகுக்குப் பின்னால் கம்பியில் கணவனின் கோட்டுகளும் அவளுடைய கோட்டுகளும் நெருக்கியடித்துத் தொங்கின. வெளிச்சத்தம் வராமலிருக்க மூன்று பக்கமும் பழைய கம்பளிகளை அடித்திருந்தாள். பக்கவாட்டில் நகரும் அலமாரிக் கதவின் உட்புறத்தையும் கம்பளி மூடிவிட்டதால் பிடிக்க இடமில்லை. இழுத்துத் திறக்கவும் சாத்தவும் ஒரு துணிப்பட்டையைத் தைத்து விட்டிருந்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை செய்கிற கணவன், தன் நண்பர்களிடம், "என் பொண்டாட்டி இப்பல்லாம் அலமாரிக்குள்ளதான் குடித்தனம் பண்றா" என்று சொல்லிச் சிரிப்பான்.

சிரிக்கட்டும். அவளுக்கு அந்த இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்கும் தெரியும். இந்த வேலை கிடைப்பதற்கு முந்தைய வருஷம் அவள் கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். எடுத்த பிறகு மாதக்கணக்கில் குரல் இல்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று. போனை எடுத்தால் சொந்தத் தங்கையே "ஹலோ, ஹலோ, யாருங்க?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்குச் சமையலறையில் நின்றுகொண்டு அவள் அழுத அழுகைக்கும் சத்தமில்லை. குரல் திரும்பி வந்தபோது முன்பைவிடக் கொஞ்சம் கனமாக, ஓரத்தில் லேசான கரகரப்போடு வந்தது. எப்படியோ வந்ததே, அது போதும். கிடைத்த குரலை வைத்துக் கிடைத்த வேலை இது. இதையும் விட்டுவிட்டு மறுபடி ஊமையாக உட்கார அவள் தயாராக இல்லை.

விசிறியை மாற்றித் தந்தார்கள். சத்தம் போகவில்லை. மறுபடி கொண்டுபோனாள். போர்டை மாற்றினார்கள். அதற்கடுத்த தடவை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறோம் என்றார்கள். அதில் அவள் பதிவு செய்திருந்த பாதிப் புத்தகம் போய்விட்டது, சத்தம் மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது. சர்வீஸ் சென்டரின் நாற்காலிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்டவை. எவனோ ஒருவன் காலை ஆட்டினால் வரிசை முழுக்க ஆடும். அங்கே ஆடிக்கொண்டே மணிக்கணக்கில் காத்திருந்து, கவுன்டருக்குப் போனால், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண் முகம் கோணாமல் அதே தாளை நீட்டுவாள். 'பழுது எதுவும் இல்லை.'

"பழுது இல்லைன்னா எதை மாத்தினீங்க?"

"ஒரு சேஃப்டிக்கு மாத்தியிருக்கோம் மேடம்."

"சரி பண்ணக் குடுத்தா ஒவ்வொரு தடவையும் இன்னும் கெடுத்துத்தான் அனுப்புறீங்க. முன்னால வெறும் மூச்சு. இப்ப நாக்கைச் சப்புக் கொட்டுற சத்தமும் வருது. கேட்டுப் பாருங்க."

"நாங்க டெஸ்ட் பண்ணினப்ப வரல மேடம்."

அதுதான் அவளை எரித்தது. அவர்கள் மேஜைமேல் வைத்தால் அந்தக் கழுதை பரம சாதுவாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் போதும், ஆரம்பித்துவிடும். தேறிக்கொண்டும் வந்தது. ஆரம்பத்தில் வாக்கியத்தின் நடுவில் எங்கேயாவது இழுத்துக்கொண்டிருந்த மூச்சு, இப்போது முற்றுப்புள்ளிக்குக் காத்திருந்தது. காற்புள்ளியில் கொஞ்சம், முற்றுப்புள்ளியில் நிறைய. கடைசியாகத் திரும்பி வந்த பிறகு அவள் அனுப்பிய பாடத்தில், ஒரு பத்தி தொடங்கும் இடத்தில், அவள் 'பாறை' என்று சொல்வதற்கு ஒரு கணம் முன்னால் 'பா' என்று லேசாக ஒரு உதடு பிரியும் ஒலி கேட்டது.

பதிவுகளைச் சரிபார்க்கிற எடிட்டர் அக்கா போன் பண்ணினாள். "உன் குரல் நல்ல குரல்மா. அதுல குறையே இல்ல. ஆனா பக்கத்துல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தா புத்தகத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. என் கையில இல்ல."

"லேப்டாப்தான்க்கா. இந்தத் தடவை சரி பண்ணிடறேன்."

"ஆமா, போன தடவையும் அதான் சொன்ன."

கணவனிடம் சொன்னாள். அவன் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "ஆஸ்துமா லேப்டாப் வாங்கிட்டோம்போல" என்றான். அவள் சிரிக்கவில்லை என்றதும் தோளில் கை வைத்து, "சண்டை போட்டாவது புதுசு வாங்கு. வாரண்டி இந்த மாசத்தோட முடியுது" என்றான்.

இந்தத் தடவை அவள் கவுன்டரில் நிற்கவில்லை. நேராக உள்ளே போய், பழுது பார்க்கிறவர் யாரோ அவர் வராமல் நகரமாட்டேன் என்று நின்றாள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு மனிதர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இத்தனை தடவையில் பதிவை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பவும் கேட்டார். ஹெட்போனை மெதுவாகக் கழற்றிவைத்தார்.

"விசிறிக்கு இப்படி வராது மேடம். விசிறி ஒரே சீரா ஓடும். இது நீங்க நிறுத்தினாதான் வருது. நீங்க ஆரம்பிச்சா நின்னுடுது."

"அப்ப என்னதான் சார் இது?"

"நீங்க வாசிக்கும்போது கூட யாராவது இருப்பாங்களா?"

அவளுக்குக் கோபத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நான் என்ன பைத்தியமா? அலமாரிக்குள்ள ஒரு ஆள் உக்காரத்தான் சார் இடம்."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு பண்றேன். விசிறியையே கழட்டிடறேன். இதுக்குள்ள அசையற சாமான் வேற எதுவும் கிடையாது. சூடாயிடும், ரொம்ப நேரம் ஓட்டாதீங்க. வீட்டுக்குப் போய் ஒரே ஒரு பக்கம் பதிவு பண்ணுங்க. அப்பவும் சத்தம் வந்துச்சுன்னா உங்களுக்குப் புதுசு வாங்கித் தர்றது என் பொறுப்பு. வரலேன்னா கம்ப்ளெயின்ட்டை முடிச்சுடுவோம். சாயங்காலம் நானே போன் பண்றேன்" என்றார்.

ஆகவே அன்றைக்குப் பிற்பகலில், அந்தச் சத்தம் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அவள் அலமாரிக்குள் உட்கார்ந்தாள். போனை வழக்கம்போலக் கட்டில்மேல் போட்டுவிட்டு, பட்டையைப் பிடித்துக் கதவை இழுத்ததும் தெருவின் இரைச்சல் அடங்கியது, பக்கத்து வீட்டின் பாத்திரச் சத்தம் அடங்கியது, தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. அந்துருண்டை வாசனை, பழைய கம்பளியின் தூசி வாசனை, எப்போதோ மழையில் நனைந்து சரியாகக் காயாத கோட்டின் புழுங்கல் வாசனை, எல்லாம் ஒன்றாகக் கலந்து முகத்தில் அப்பின. திரையின் வெளிச்சம் தவிர வேறு வெளிச்சமில்லை. திரையில் ஒரு பச்சைக்கோடு ஓடியது. குரல் கேட்டால் அது மலையாக எழும்பும், மௌனத்தில் தரையோடு தரையாகப் படுத்துவிடும். விசிறி இல்லாத லேப்டாப் கல் மாதிரி அமைதியாக இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

வாசித்தாள். பாறைகளின் வகைகள். அழுத்தத்தினாலும் வெப்பத்தினாலும் அவை உருமாறும் விதம். முற்றுப்புள்ளிகளில் நிறுத்தி, திரையைப் பார்த்தாள். கோடு படுத்தே கிடந்தது. அரைப்பக்கம் ஆயிற்று. சத்தமில்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்றைக்குப் பார்த்துத்தானா இது வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

அடுத்த வாக்கியத்தின் முடிவில் மூச்சு வந்தது.

மாட்டிக்கொண்டாயா என்று அவள் உள்ளுக்குள் துள்ளினாள். புது லேப்டாப். புத்தகம் கைவிட்டுப் போகாது. அந்தச் சந்தோஷம் மனதில் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள், அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்து நின்றது.

இதற்குள் விசிறி இல்லை.

அவள் மூச்சை அடக்கினாள். வாயை மூடி, மூக்கையும் விரலால் பிடித்துக்கொண்டாள். கோட்டில் ஒரு சின்ன மேடு எழும்பி இறங்கியது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அவசரமில்லாத மூச்சு. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஒருவரின் மூச்சு.

நாக்கு உதட்டை ஈரப்படுத்தும் சத்தம்.

பிறகு அது வாசித்தது. "உருமாறிய பாறைகளை அவற்றின் பழைய வடிவில் இனி அடையாளம் காண இயலாது." புத்தகத்தின் அடுத்த வரி. அவள் இன்னும் வாசிக்காத வரி. அவளுடைய குரல். அதே கனம், ஓரத்தில் அதே கரகரப்பு.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். குரல் நிற்கவில்லை. அது ஹெட்போனுக்குள் இல்லை. முதுகுக்குப் பின்னால், கோட்டுகளுக்கு நடுவில், அவள் காதின் உயரத்தில் இருந்தது. கழுத்தில் சூடு பட்டது.

பட்டை. கதவுப்பட்டை. கையை நீட்டினாள். எப்போதும் தளர்ந்து தொங்கும் பட்டை விறைத்திருந்தது. தடவிக்கொண்டே போனாள். மடிப்பு. தையல். அதற்கப்பால் விரல்கள். பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன.

அலறினாள்.

காற்று வந்தது.

தொண்டை அடைக்கவில்லை, வலிக்கவில்லை. அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலக் காலியாக இருந்தது.

வெளியே சாவி திரும்பியது. கணவன். செருப்பைக் கழற்றும் சத்தம், பையை வைக்கும் சத்தம், பிறகு படுக்கையறைக்கு வரும் காலடி. அவள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். கம்பளி அந்த அடியை மெத்தென்று வாங்கிக்கொண்டது. அவளே பார்த்துப் பார்த்து அடித்த கம்பளி. மேஜையை உதைத்தாள்.

"என்னம்மா, உள்ளயா இருக்க? என்ன சத்தம்?"

"கால் மரத்துப்போச்சுங்க, இடிச்சுக்கிட்டேன்" என்றது பின்னாலிருந்த குரல். சின்னதாகச் சிரித்தது. அவனிடம் மட்டும் அவள் சிரிக்கிற சிரிப்பு. "கதவைத் திறந்துடாதீங்க, ரெக்கார்டிங் ஓடுது. இன்னும் கொஞ்சம்தான்."

"சரி சரி. இன்னிக்குக் குரல் நல்லா இருக்கே."

கட்டில்மேல் போன் அடித்தது. அவன் எடுத்தான். "ஆமா சார், அவங்க வீட்டுக்காரர்தான். இருங்க, கேக்கறேன்." கதவுக்கு அருகில் வந்தான். ஒரு பலகை, ஒரு கம்பளி, அவ்வளவுதான் நடுவில். "ஏம்மா, சர்வீஸ் சென்டர்லேருந்து. சத்தம் இன்னும் வருதான்னு கேக்கறார்."

உடம்பில் இருந்த பலம் முழுவதையும் திரட்டி, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காற்று. மறுபடி கூப்பிட்டாள். காற்று.

"இல்லைன்னு சொல்லுங்க. சுத்தமா நின்னுடுச்சு. கம்ப்ளெயின்ட்டை முடிச்சுக்கச் சொல்லுங்க. பாவம், நல்ல மனுஷன், நன்றியும் சொல்லிடுங்க."

"சார், சரியாயிடுச்சாம். முடிச்சுடுங்க. ரொம்ப நன்றி சார், அவ இதனால தூங்கவே இல்ல." போனை வைத்தான். "அப்பாடா" என்றான், யாரிடமோ சொல்வதுபோல. காலடிகள் சமையலறைப் பக்கம் போயின. குழாய் திறந்தது.

பின்னாலிருந்த குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. பிழையில்லாமல், நிதானமாக, காற்புள்ளியில் கொஞ்சமும் முற்றுப்புள்ளியில் நிறையவும் நிறுத்தி வாசித்தது. திரையில் பச்சைக்கோடு அழகான மலைகளாக எழுந்து எழுந்து விழுந்தது. அந்த மலைகளுக்கு நடுவில் அவள் அலறினாள். அலறியபோதெல்லாம் கோட்டில் ஒரு நெல்மணி அளவுக்குச் சின்ன மேடு எழும்பியது.

பக்கம் முடிந்தது. குரல் நின்றது. அவளுடைய தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்தது. பதிவை ஆரம்பத்துக்குக் கொண்டுபோய், முதல் நெல்மணி மேட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தது. கோடு சமமாயிற்று. கை அடுத்த மேட்டுக்கு நகர்ந்தது.