முதல்ல அவங்க வரட்டும்

ஊமையாகிப் போன ரேடியோப் பெட்டி ஒன்றைச் சரிசெய்யத்தான் அந்தச் சின்னத் துறைமுகத்தின் மாடி அறைக்குப் போனேன். பிற்பகல்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாதபடி பனி மூடியிருந்தது. கட்டிக் கிடந்த பாய்மரப் படகுகளின் கம்பங்கள் மட்டும் தலைகாட்டின. டீசல் நாற்றமும் ஈரக் கயிற்று நாற்றமும் அறைவரை ஏறி வந்திருந்தன.

"வாங்க துரை, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார் அக்கா. படகுகளுக்கு ரேடியோவில் உத்தரவு கொடுப்பவர். மீன்படகோ பணக்காரர்களின் உல்லாசப் படகோ, எல்லாருக்கும் அவர் அக்காதான்.

துறைமுக வாசல் குறுகல். இரண்டு பக்கமும் மணல் திட்டு. ஒரு நேரத்தில் ஒரு படகுதான் நுழைய முடியும். முதலில் கேட்டவருக்கு முதல் இடம். அக்கா 'வா' என்று சொல்லாமல் யாரும் உள்ளே வருவதில்லை.

போன வருடம் இதே மாதிரி ஒரு பனியில் அவருடைய மகள் உத்தரவு கேட்டாள். வெளியே நங்கூரம் போட்ட உல்லாசப் படகுகளிலிருந்து ஆட்களைக் கரைக்கு ஏற்றிவரும் சின்ன மோட்டார் படகு அவளுடையது. அக்கா 'வா' என்றார். அவள் வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா லீவே எடுத்ததில்லை. பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்.

பெட்டியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

பெட்டி கரகரத்தது.

"அம்மா... உள்ள வரட்டுமா?"

என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது. அக்கா அசையவில்லை. கண் மட்டும் நிறைந்தது.

அடுத்த நொடி, வேலை செய்கிற ரேடியோவில் ஓர் ஆண்குரல் அலறியது. வெளியூர் மீன்படகு.

"அக்கா, படகுல தண்ணி ஏறுது! எட்டுப் பேர் இருக்கோம். உள்ள வரலாமா?"

"அம்மா, குளிருதும்மா. நான்தானே முதல்ல கேட்டேன்?"

"அக்கா, அது..." என்று கிசுகிசுத்தேன்.

"தெரியும்ப்பா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

அக்கா மைக்கை எடுத்தார். ஒரு வருடமாக அவர் காத்துக் கிடந்தது இந்தக் குரலுக்குத்தான். 'வா' என்று ஒரு வார்த்தை மகளுக்குச் சொன்னால், அந்த எட்டுப் பேரும் வெளியே நிற்க வேண்டும்.

"கண்ணு," என்றார் அக்கா. "நீ வெளியவே நில்லுடா. முதல்ல அவங்க வரட்டும்."

வெறும் இரைச்சல்.

"சரிம்மா. நிக்கிறேன்."

மீன்படகு தட்டுத் தடுமாறி உள்ளே வந்தது. கயிறு கட்டியதுதான் தாமதம், அக்கா மைக்கை வாயோடு சேர்த்துக்கொண்டார். "இப்ப வாடா தங்கம். வழி காலியா இருக்கு. அம்மா சொல்றேன், வா."

பதில் இல்லை. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். பக்கத்தில் நின்று என்னால் அழத்தான் முடிந்தது.

மீன்படகுக்காரர் சொட்டச் சொட்ட நனைந்தபடி மாடியேறி வந்தார்.

"எங்க உசிரைக் காப்பாத்திட்டீங்க அக்கா. ஆனா வாசல்ல ஒரு சின்னப் படகு நிக்குதே, அதையும் கூப்பிடுங்க. அந்தப் பொண்ணுதான் டார்ச் அடிச்சு எங்களுக்கு வழி காட்டுச்சு. கூடவே வந்துடும்மான்னேன். அம்மா நிக்கச் சொல்லியிருக்காங்கன்னு சொல்லிடுச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பினேன். வாசலில், பனிக்குள், ஒரு சின்ன வெளிச்சம் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கூப்பிடக் கூப்பிட, அது அங்கேயே நின்றது.